அடைப்புக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர்

ஹரிராம் சதய நட்சத்திரத்தில் இறந்துபோனார். காரியத்துக்கு நாள் குறிக்க வந்த சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, அடைப்பு இருக்கிறது, ஆறு மாதம் என்றார். சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால், பிரிந்த இடத்தை அடைத்துப் போட்டுவிட வேண்டும். அதன் வாசலில் அந்தி தவறாமல் விளக்கு வைக்க வேண்டும். தவணை முடிந்து பரிகாரம் செய்கிறவரை உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது. மீறினால் அதே ரத்தத்தில் இன்னொன்று போகும் என்பார்கள். ஹரிராமின் மனைவி ரெங்கம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டாள். கோயம்புத்தூரில் இருக்கிற மகன் விஜய்ஆனந்தின் மனைவி இந்துப்ரியாவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

வீடு சிம்மக்கல்லில், மொத்தக் கடைகளின் முதுகை ஒட்டிப் போகிற சந்துக்குள் இருந்தது. முன்னால் கூடம், பின்னால் சமையலறை, நடுவில் ஒரே ஒரு அறை. அந்த அறைதான் அடைபட்டது. உடம்பைத் தரையில் இறக்கிக் கிடத்த இடம் வேண்டுமென்று அன்று காலையிலேயே கட்டிலையும் கம்ப்யூட்டரையும் உறவுக்காரர்கள் கூடத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். தொலைபேசியையும், அந்தக் கம்பியிலிருந்து இணையத்தைப் பிரித்துக் கொடுக்கிற மோடத்தையும் யாரும் தொடவில்லை. அவை சுவர் அலமாரியில் இருந்தபடியே இருந்தன. பங்காளிகள் அறையைக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். சுவிட்சை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் அந்த அறை முழுதாக மூடிக்கொள்ளவில்லை. பகலில் சில தடவை உள்ளே போன் அடிக்கும். சாவு தெரியாத யாரோ, தெரிந்து விசாரிக்கிற யாரோ. ரெங்கம்மாளும் மகள் வசுந்தராவும் கையிலிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, அது ஓயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஓய்ந்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த வருஷம் நினைத்த நேரத்துக்கெல்லாம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. போய்த் திரும்பி வருகிறபோது கதவுக்கடியில் பச்சையாக ஒரு வெளிச்சம் சற்று நேரம் துடித்து, பிறகு நிலைத்து நிற்கும். ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கி, சொல்லாமல் விட்டதுபோல இருக்கும் அது.

வசுந்தராவுக்கு முப்பத்தாறு வயது. விலங்கியல் படித்தவள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் ஆயுள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டிய ஹரிராமுக்கு ஒரு நாள் கடையிலேயே கையும் காலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டன. பேச்சும் போயிற்று. அப்போது அவளுக்கு வரன் ஒன்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சேலத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். வசுந்தரா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கேட்டவர்களிடம், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று மட்டும் சொல்வாள். அதில் குறைப்பட்டுக்கொள்கிற தொனி இருக்காது. பெருமை பேசுகிற தொனியும் இருக்காது.

வீட்டை விட்டு நகராமல் செய்கிற வேலையாகத் தேடியபோது கிடைத்ததுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவசர அவசரமாகப் பேசிப் பதிந்து வைக்கிற குறிப்புகள் குரலாகவே இணையத்தில் வரும். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். காளவாசலில் இருந்த ஒரு கம்பெனி அவளைப் பழக்கி, வீட்டிலிருந்தே செய்யவும் சம்மதித்தது. அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டாள். ஒரு காதில் கடல் தாண்டிய டாக்டரின் குரல். இன்னொரு காதை அப்பாவின் மூச்சுக்கென்று விட்டு வைத்திருந்தாள். மற்றவர்கள் இரண்டு காதாலும் கேட்டுச் செய்கிற வேலையை அவள் ஒற்றைக் காதால் செய்து, பிழை குறைவு என்று பேரும் வாங்கினாள். யாருக்கோ மூட்டுவலி, யாருக்கோ மூச்சிரைப்பு, யாரோ குடும்பத்தார் சூழ அமைதியாக இறந்துபோனார். தட்டிக்கொண்டிருக்கிறபோதே எழுந்து அப்பாவுக்குக் கஞ்சி புகட்டுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள். விசைப்பலகைச் சத்தம் கேட்கிறவரை ஹரிராம் தூங்குவார். சத்தம் நின்றால் கண்ணைத் திறந்து அவளைத் தேடுவார்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஸ்வர்ணா செல்போனில் கூப்பிட்டாள். வசுந்தராவின் வேலைக்கு மேற்பார்வை அவள்தான். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். வசுந்தரா பார்த்துவந்த ஆஸ்பத்திரியின் குறிப்புகள் தேங்கிக் கிடக்கின்றன. வரும் திங்கட்கிழமை அவள் இணைப்பில் வராவிட்டால் அந்த ஆஸ்பத்திரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்க இனிப் புதிதாக யாரையும் எடுப்பதில்லை என்று மேலே முடிவாகிவிட்டது. ஆபீஸுக்கே வந்து செய்யேன் என்றும் சொன்னாள். ஆபீஸில் அந்திக்குத் தொடங்கி விடியும்வரை வேலை. அடைப்பு இருக்கிற வீட்டில் அம்மாவை அந்த நேரத்தில் தனியாக விட்டுப் போக முடியாது. திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று வசுந்தரா சொல்லிவிட்டாள். எப்படி வருவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்தில் கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. நாலு எட்டு தள்ளிக் கதவுக்கு அந்தப் பக்கம் மோடமும் தயாராகத்தான் இருந்தது. இரண்டையும் இணைத்த கம்பி கழற்றப்பட்டு அறைக்குள்ளேயே எங்கோ கிடந்தது. நடுவில் வாசற்படியும், அதன்மேல் விளக்குத் தட்டும்.

தொலைபேசி அலுவலகத்துக்குப் போய், இணைப்பைக் கூடத்துக்கு மாற்றித் தரக் கேட்டாள். இணைப்பு இறந்தவர் பேரில் இருக்கிறது, முதலில் பேர் மாற வேண்டும், பிறகுதான் இடம் மாறும், அதற்கெல்லாம் நாளாகும் என்று அங்கே சொன்னார்கள். சொன்னவர் நல்ல மனிதர், உட்கார வைத்துத்தான் சொன்னார். நோயாளிகளின் விவரம் என்பதால் வெளியே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்யக் கம்பெனி விடாது. தம்பி விஜய்ஆனந்திடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். பூட்டை உடைத்து மோடத்தை எடுத்துக்கொள், எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று சத்தம் போட்டான். மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது. இந்துவின் அம்மா வந்திருப்பதாகவும், அவர்கள் இந்த அடைப்பைப் பற்றி விசாரித்ததாகவும் சொன்னான்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லக்கா. ஆனாலும் எதுக்கு…" என்று நிறுத்திக்கொண்டான்.

வசுந்தரா, சரிதான், இருக்கட்டும் என்றாள். அந்த 'எதுக்கு' அவளுக்குள்ளும் இருந்தது.

காளவாசலில் ஒரு மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தான் சோலை. மேற்கே செக்கானூரணிப் பக்கத்துக்காரன். கம்ப்யூட்டரை அவளுக்குப் பூட்டிக் கொடுத்ததே அவன்தான். வெள்ளிக்கிழமை அவள் படியேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அடைப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மோடத்தைப் பற்றித்தான் கேட்டான்.

"அக்கா, அதுக்குப் பின்னாடி ஆட்டுக்கொம்பு மாதிரி ஒண்ணு நட்டுக்கிட்டு நிக்குமா?"

நிற்கும். வசுந்தரா அதில் அப்பாவின் மாத்திரைப் பையை மாட்டி வைத்திருப்பாள்.

"அப்ப அது வயர்லெஸ் மோடம்க்கா. நீங்கதான் கம்பியப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீக. அது அங்கிட்டு இருந்தே குடுக்கும், கதவெல்லாம் அதுக்குக் கணக்குல இல்ல. உங்க பெட்டிக்குத்தான் அதக் கேக்குறதுக்குக் காது இல்ல. ஒரு காது வாங்கி மாட்டிருவோம். நாளைக்குக் காலையில வாரேன்."

வசுந்தரா படியிறங்கும்போது அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. சந்திப்பில் பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த இரைச்சலில் நிற்பது அன்று அவளுக்கு நன்றாகவே இருந்தது. அம்மாவிடம், கதவைத் திறக்காமலே செய்துவிடலாமாம் என்று சொன்னாள். ரெங்கம்மாள் கேட்டுக்கொண்டாள். எப்படி என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை சோலை வந்தபோது வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்ததும் அறைவாசலில் இருந்த விளக்குத் தட்டைப் பார்த்தான். திரி கருகி, எண்ணெய் மிச்சம் இருந்தது. தன் பையை அந்தப் பக்கம் வைக்காமல் தள்ளி வைத்துக்கொண்டான். வேலையைத் தொடங்குவதற்குள் அவன் செல்போன் அடித்தது. கடையில் உட்கார்த்திவிட்டு வந்த கூட்டாளி தவசி.

"மாப்ள, சிம்மக்கல்லுலதான் இருக்கேன்," என்றான் சோலை மெதுவாக. "அந்தப் பிரிண்டர நீ தொறந்துறாத. போன தடவ தொறந்து மூடுனதுல ஒரு ஸ்பிரிங் மிச்சம் வந்துச்சு. இன்னும் அது எதுக்குன்னு தெரியல." போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, துக்க வீட்டில் பேசியதற்காகத் தலையைச் சொறிந்துகொண்டான். வசுந்தராவுக்குச் சிரிப்பு வந்து, வந்த இடத்திலேயே நின்றது.

கம்ப்யூட்டரை இயக்கிப் பார்த்துவிட்டு, இது பழைய ஆள், இப்போது வருகிற பாஸ்வேர்டு பூட்டுகளைத் திறக்க இவனுக்குத் தெரியாது, முதலில் இவனைத் தயார் செய்ய வேண்டும் என்றான். ஒரு சிடியைப் போட்டான். திரையில் நீலப்பட்டை நகர்ந்தது. பாதியில் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கீச்சென்று கத்திக்கொண்டே ஒப்பேற்றியது. கரண்ட் வந்தபோது சோலை கதவுக்கடியில் துடித்த பச்சை வெளிச்சத்தைப் பார்த்தான். பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். அது முடிந்ததும் இரண்டாவது சிடி. பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்து, விரல் நீளத்தில் இருந்த அந்தக் 'காதை' எடுத்தான். சிடி போடாமல் முதலிலேயே இதைச் சொருகினால் கம்ப்யூட்டர் வீம்பு பிடித்துக்கொள்ளும் என்றான்.

பெட்டிக்குப் பின்னால் சொருகினான். திரையின் கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் தோன்றின, மேலே சிவப்பாக ஒரு பெருக்கல் குறியோடு. எதுவும் வரவில்லை. நடுவே இரும்பு பீரோ நின்றது. இரும்பு இருந்தால் அது விழுங்கிவிடும் என்று சொல்லி, பையிலிருந்து நீட்டல் வயர் ஒன்றை எடுத்து, காதை அதன் நுனியில் மாட்டிக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தான். ஜன்னல் பக்கம் ஒரு கோடு வந்தது. அறைக்கதவை ஒட்டி, மெத்தை இல்லாமல் கிடந்த கட்டிலின் அருகில் வந்ததும் நான்கு கோடுகள் பச்சையாக எழுந்து நின்றன. கட்டிலைத் தொடலாமா என்று அவன் வசுந்தராவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் ரப்பர் வளையம் போட்டு அதைக் கட்டினான்.

திரையில் ஒரே ஒரு பேர் வந்திருந்தது. உள்ளே இருக்கிற மோடத்தின் பேர். பூட்டு இருந்தது. லைன் போட வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டு போன் நம்பரைத்தான் சாவியாக வைப்பார்கள் என்று சோலை சொன்னான். வசுந்தரா உட்கார்ந்து அப்பாவின் போன் நம்பரைத் தட்டினாள். இனி ஒரே ஒரு பொத்தான்தான் அழுத்த வேண்டும்.

ரெங்கம்மாள் அதுவரை சமையலறை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். அதில் மகளிடம் ஒன்று கேட்டாள். வசுந்தரா பதில் சொல்லாமல் திரையையே பார்த்தாள். அதனால் ரெங்கம்மாள் எழுந்து வந்து, சோலையிடமே தமிழில் கேட்டாள்.

"தம்பி, இது எங்கிருந்து வருது?"

"காத்துலதாம்மா வருது."

"காத்துல, எங்கிருந்து?"

சோலை கதவைப் பார்த்தான். வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "உள்ள இருந்துதாம்மா," என்றான்.

"அப்ப உள்ள இருக்கறது வெளிய வருது."

"வருதுதாம்மா. ஆனா இன்னைக்குப் புதுசா வரல. எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கு. உள்ள போன் அடிச்சா உங்களுக்கு இங்க கேக்குதுல்ல? அது மாதிரிதான்."

"கேக்குது," என்றாள் ரெங்கம்மாள். "நாங்க எடுக்கறதில்லயே."

ரெங்கம்மாள் குரலை உயர்த்தாமலே, வருவது வேறு, நாம் கைநீட்டி வாங்குவது வேறு என்றாள். வந்துவிட்டுப் போகட்டும், அது நம் பாவமில்லை. கைநீட்டினால் அடைப்பை மீறியதாகத்தான் ஆகும். அங்கே கோயம்புத்தூரில் இன்னும் கண் திறக்காத ஓர் உயிர் இருக்கிறது.

வசுந்தரா திரும்பினாள். அவள் அம்மாவிடம் சௌராஷ்ட்ரத்தில் பேசியது சோலைக்குப் புரியவில்லை. வேகமாகப் பேசினாள். ஆறு மாதம் கழித்து அறை திறக்கும், இந்த வேலை திறக்காது என்றாள். அப்பா இருக்கிறவரை அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்று ஒன்று இருந்தது, இப்போது காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது, இதுவும் போனால் தனக்கு இந்த வீட்டில் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி ரெங்கம்மாள் கேட்டதில்லை. மகளின் தலையில் கைவைத்துவிட்டு, செல்போனை எடுத்துச் சாஸ்திரிகளைக் கூப்பிடச் சொன்னாள்.

சாஸ்திரிகள் வேறொரு வீட்டுக் காரியத்தில் இருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சாஸ்திரத்தில் இதெல்லாம் சொல்லப்படவில்லை, செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை என்றார். அவசரத்தில், எல்லாரிடமும் சொல்கிற வழக்கத்தில், "வீட்டுப் பெரியவரைக் கலந்துக்கிட்டுச் செய்யுங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். வீட்டுப் பெரியவரைத்தான் அடைத்து வைத்திருக்கிறது.

"அவர் சொன்னதும் சரிதான்," என்றாள் ரெங்கம்மாள் கடைசியில். "கேட்டுருவோம். பூக்கட்டிப் பாத்துருவோம்."

சம்மதம் தெரியாத காரியங்களுக்குச் சாமி முன்னால் அப்படித்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். குலுக்கிப் போட்டு, காரியத்தில் சம்பந்தமில்லாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஹரிராமின் படத்துக்கு வாங்கிய பூவில் சம்பங்கியும் செவ்வரளியும் இருந்தன. ரெங்கம்மாள் செய்தித்தாளை ஒரே அளவாகக் கிழித்து இரண்டையும் தனித்தனியாக மடித்தாள். எடுக்க வேண்டியது சோலை.

"செத்தவுகளுக்குப் பூக்கட்டி நான் பாத்ததில்லம்மா," என்றான் சோலை தயக்கமாக. "எங்க பக்கம் கோயில்லதான் கட்டுவாக. பூக்கட்டாமப் பொண்ணே எடுக்க மாட்டாக. ஆனா சாமிகிட்டத்தான்."

"எங்களுக்கு இப்ப அவர்தான், தம்பி."

அவன் குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தான். ரெங்கம்மாள் பொட்டலங்களை இரு கைக்குள்ளும் வைத்துக் குலுக்கி வாசற்படியில் போட்டாள். சோலை கதவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றான். அவன் உதடு அசைந்தது. அவன் தன் ஊர்ச் சாமியைத்தான் கும்பிட்டிருக்க வேண்டும். குனிந்து ஒன்றை எடுத்து ரெங்கம்மாளிடம் கொடுத்தான்.

பிரித்தாள். அரளி.

வெளியே சந்தில் மூட்டை வண்டி ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. தானே தப்பு செய்துவிட்டதைப் போல சோலை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, ரப்பர் வளையத்தைக் கழற்றத் தொடங்கினான். வசுந்தரா திரையின் முன்னால் அசையாமல் இருந்தாள். நம்பர் தட்டியபடியே இருந்தது. ஸ்வர்ணாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். வர முடியவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஏன் என்று சொன்னால் ஸ்வர்ணாவுக்குப் புரியும், அவள் வீட்டிலும் இப்படி ஒரு நட்சத்திரம் வந்திருக்கும். புரிவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தனக்குப் பழகிய அந்த டாக்டர்களின் குரல்கள், இருமுகிறவர், எழுத்தெழுத்தாகச் சொல்கிறவர், வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறவர் எல்லாரும் திங்கட்கிழமை முதல் வேறு யாருடைய காதுக்கோ போய்விடுவார்கள். கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினாள்.

ரெங்கம்மாள் அரளியை உள்ளங்கையில் வைத்துக் கதவைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"எதக் கேட்டாலும் மொதத் தடவ வேணாம்னுதான் சொல்லுவாரு," என்றாள். தமிழில் சொன்னதால் அது சோலைக்கும் சேர்த்துத்தான். "இவ காலேஜுக்குக் கேட்டப்பவும் வேணாம்னாரு. காஸ் அடுப்புக்கும் வேணாம்னாரு. பொழுது விடிஞ்சா அவரே வந்து, அது என்னாச்சு, இன்னும் ஏன் செய்யலன்னு சத்தம் போடுவாரு. ஒரு தடவ கேட்டு விட்டதே இல்ல நான்."

சோலை கழற்றுவதை நிறுத்தினான். "ரெண்டாந் தடவ கேக்கலாமாம்மா?"

"சாமிகிட்டக் கேக்கக் கூடாது. புருசன்கிட்ட எம்புட்டுத் தடவ வேணும்னாலும் கேக்கலாம்."

மறுபடியும் மடித்தாள். இந்தத் தடவை சோலை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். தன் கை ராசி பார்த்தாயிற்று, நீங்களே எடுங்கள் என்று எழுந்து தள்ளிப் போய் நின்றான். ரெங்கம்மாள் விளக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். பொட்டலங்களைக் குலுக்கிப் படியில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கதவிடம் சௌராஷ்ட்ரத்தில் பேசினாள். மன்றாடுகிற குரலாக இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரிடம் அன்றைய வீட்டு விஷயத்தைச் சொல்கிற குரலாகவே இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி நன்றாக இருக்கிறாள் என்று சொன்னாள். வசு பாவம் என்று சொன்னாள். கடைசியில், வருகிறது எதுவானாலும் என் தலையோடு போகட்டும், அங்கே போக வேண்டாம் என்று சொன்னாள். வசுந்தரா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போய்த் தடுக்கவில்லை.

ரெங்கம்மாள் ஒன்றை எடுத்தாள். கைக்குள் வைத்து மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிரிக்கவில்லை.

"சரின்னுட்டாரு," என்றாள். "போடுங்க தம்பி."

படியில் மற்றது கிடந்தது. அதைப் பிரித்தால் இது எதுவென்று தெரிந்துவிடும். சோலை அதைப் பார்த்தான், வசுந்தராவும் பார்த்தாள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ரெங்கம்மாள் கையை ஊன்றி எழுந்து, அதையும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வசுந்தரா பொத்தானை அழுத்தினாள். குட்டிக் கம்ப்யூட்டர்கள் இரண்டும் சற்று நேரம் தவித்தன. பிறகு சிவப்புப் பெருக்கல் குறி போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. சோலை ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். அது வந்தது.

"இம்புட்டுத்தான்க்கா," என்றான். கரண்ட் போய் வந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும், பீரோவை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள் என்றான். கரிசனமாக ரப்பர் வளையத்தின் மேல் இன்னொரு வளையமும் போட்டான். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவன், வழக்கமாகச் சொல்கிற வாரேனைச் சொல்லாமல், தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போனான். துக்க வீட்டில் அப்படித்தான் போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரெங்கம்மாள் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தாள். காலையில் கோயம்புத்தூருக்குப் பேசி, சாப்பிட்டாளா என்று கேட்டாள். மத்தியானம் பேசி, தூங்கினாளா என்று கேட்டாள். சாயங்காலம் மறுபடியும் பேசியபோது விஜய்ஆனந்த், என்னம்மா ஏதாவது விஷயமா என்றான். ஒன்றுமில்லை என்றாள். வசுந்தரா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முந்தானையில் முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அந்தியில் ரெங்கம்மாள் விளக்கு வைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பேசினாள். குழந்தை நன்றாக அசைகிறதாம் என்று வசுந்தராவிடம் சொன்னாள். வசுந்தரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கம்பெனியின் இணைப்புக்குள் நுழைந்தாள். ஸ்வர்ணாவிடமிருந்து, வந்துவிட்டாயா என்று ஒரு வரி வந்தது. வந்துவிட்டேன் என்று தட்டினாள். கீழே வரிசையாகக் குரல்கள் காத்திருந்தன. முதல் குரலைத் திறந்தாள்.

ரெங்கம்மாள் பாயைக் கொண்டுவந்து மகளின் நாற்காலிக்குக் கீழே விரித்துப் படுத்தாள். சற்று நேரம் விசைப்பலகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்ன சொல்றார் அந்த டாக்டர்?"

வசுந்தரா கையை நிறுத்தாமலே சொன்னாள். "ஒரு அம்மா. இடுப்பு எலும்பு ஒடஞ்சு வந்தாங்களாம். இப்ப நடக்குறாங்களாம்."

"தனியாவா?"

"கம்பு வச்சு. வீட்டுக்குள்ள மட்டும்."

ரெங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு மேல என்ன வேணும்," என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.